தோல் படிக்கப் போனாள்!

ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்து கொடுப்பதற்கும் காலேஜுக்கு அனுப்புவதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், நான் சட்டென்று பதில் சொல்லிவிடுவேன். கல்யாணத்தில் சம்பந்தி வீடு ஒன்றுதான். காலேஜ் விஷயத்தில் ஊரே சம்பந்தி வீடு! கல்யாணத்திலாவது பத்திரிகை வைத்தவர்கள் மட்டும் வந்து குறை சொல்வார்கள். பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்துவிட்டாலோ, பால்காரர் முதல் கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவர் வரை அழைப்பில்லாமலே வந்து ஆலோசனை சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

உங்கள் வீட்டில் இது நடந்திருக்கும். இல்லாவிட்டால் நடக்கப் போகிறது. ஆகையால் சகோதரிகளே, என் அனுபவத்தைக் கொஞ்சம் கேட்டு வையுங்கள்.

எங்கள் ஊர் ஆம்பூர். அந்தப் பெயரைக் கேட்டதும் உங்கள் நாக்கில் சீரகச் சம்பா பிரியாணியும் கத்திரிக்காய்க் குழம்பும் வந்து நிற்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் உள்ளூரில் அடுப்பு எரிவது பிரியாணியால் அல்ல, தோலால். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டிக்கொண்டே போனால் தோல் ஷாப்புகளும் ஷூ கம்பெனிகளும் வந்துகொண்டே இருக்கும். 2019-ல் வேலூர் ஜில்லாவை மூன்றாகப் பிரித்து எங்களைத் திருப்பத்தூரோடு சேர்த்தார்கள். ஜில்லா மாறியது; தொழில் மாறவில்லை.

எங்கள் வீட்டுக்காரர் ஒரு தோல் ஷாப்பில் டிரம் ஓட்டுகிறார். உங்கள் வீட்டு வாஷிங் மெஷினை ஓர் அறை அளவுக்குப் பெரிதாக்கி, மரத்தால் செய்து சுற்ற விட்டால் எப்படி இருக்கும்? அதுதான் டிரம். நான் ஷூ கம்பெனியில் தையல் பிரிவு. ஷூவின் மேல்பாகத்தைத் தைப்பது என் வேலை. அதற்கு ‘அப்பர்’ என்று பெயர். காலையில் கம்பெனி பஸ் வந்து ஹாரன் அடித்தால், கையில் டிபன் டப்பாவோடு தெருவில் பாதிப் பெண்கள் ஓடுவோம். காலஞ்சென்ற மாமனார் அந்தக் காலத்துத் தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி வேலை பார்த்தவர். ஆக, மூன்று பேரும் தோலால் பிழைத்தவர்கள். மூன்று பேரும் காலேஜ் வாசலை மிதிக்காதவர்கள்.

2023-ல் எங்கள் பெண் பன்னிரண்டாம் வகுப்பு பாஸ் பண்ணினாள். நல்ல மார்க்குத்தான். உடனே ஆரம்பித்தது பாருங்கள், ஆலோசனைக் கூட்டம்!

கல்லூரிக்குப் பஞ்சமான பிரதேசமா எங்களுடையது? வேலூர் ஊரிஸ் கல்லூரி 1898-ல் வந்தது. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919. காட்பாடியில் பெண்களுக்கென்றே ஆக்ஸிலியம், 1954. மேல்விஷாரத்தில் அப்துல் ஹக்கீம் கல்லூரி, 1965. எங்கள் ஆம்பூரிலேயே மஸ்ஹருல் உலூம், 1969. 1984-ல் என்ஜினீயரிங் கல்லூரியாக ஆரம்பித்த வி.ஐ.டி. இன்று பெரிய பல்கலைக்கழகம். டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1918-ல் வேலூரில் பெண்களுக்காகவே மருத்துவப் பள்ளி தொடங்கினார். அங்கே ஆண்பிள்ளைகளுக்குக் கதவு திறந்தது 1947-ல். நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருஷத்தில்தான் ஆண்களுக்கும் அங்கே சுதந்திரம் கிடைத்தது!

ஆளுக்கொரு கல்லூரியைச் சிபாரிசு செய்தார்கள். பால்காரர் கம்ப்யூட்டர் என்றார். சீட்டுக் கட்டும் அக்கா நர்ஸிங் என்றார். எதிர்வீட்டு பாய் வீட்டம்மா, "பொம்பளைப் புள்ளையைத் தூரமா அனுப்பாதேம்மா. நம்ம ஊரு காலேஜுல பி.காம். சேரு. சாயங்காலம் வீட்டுக்கு வந்துடும்" என்றார். எனக்கும் மனசுக்குள் அந்தக் கட்சிதான்.

எல்லோரும் பேசி ஓய்ந்த பிறகு எங்கள் பெண் வாயைத் திறந்தாள்.

"அம்மா, நான் லெதர் டெக்னாலஜி படிக்கப் போறேன். மெட்ராஸ்லே அண்ணா யுனிவர்சிட்டியில இருக்கு."

சபையில் ஊசி விழுந்தால் சத்தம் கேட்டிருக்கும். பால்காரர்தான் முதலில் மூச்சு விட்டார். "ஏம்மா, கம்ப்யூட்டர் கிடைக்காதுன்னா தோலுக்குப் போறே?"

எங்கள் அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, விஷயம் புரியக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. புரிந்ததும் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தார்.

"உன் தாத்தா கூலி வாங்கிக்கினு கத்துக்கினு வந்த வேலையை, நீ காசு கட்டிக் கத்துக்கப் போறியாடி?"

நீங்களே சொல்லுங்கள், இந்தக் கேள்விக்கு எந்தப் பேராசிரியரால் பதில் சொல்ல முடியும்?

சிரிப்புக்கு நடுவில் ஒரு வேதனையும் இருந்தது. எங்கள் பக்கத்துக் கல்லூரிகள் சில, தோல் வியாபாரத்தில் சம்பாதித்த கனவான்களின் கொடையால் வளர்ந்தவை. பிள்ளைகளின் படிப்புக்கு யார் தோள் கொடுத்தார்களோ இல்லையோ, தோல் கொடுத்தது! ஆனால் அந்தப் படிப்பை முடித்துவிட்டு வருகிற பிள்ளை முதலில் சொல்லும் வார்த்தை என்ன? "இனிமேல் தோலைத் தொட மாட்டேன்." பெற்றவர்களும் அதைத்தான் விரும்பினார்கள். மாமனார் வேலை முடிந்து பஸ்ஸில் ஏறினால், பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து நின்றுகொள்வாராம். சீயக்காய் போட்டாலும் சோப்புப் போட்டாலும் அந்த வாடை விடாது. "என் பேரப் பிள்ளைங்க பக்கத்துல எல்லாரும் உக்காரணும்" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தாராம். அத்தைக்கு அதுதான் கோபம். தாத்தா ஆயுள் பூராவும் கழுவிக் கழுவிப் போக்க நினைத்த வாடையைப் பேத்தி மெட்ராஸ் வரை தேடிக்கொண்டு போகிறாளே என்று.

எங்கள் வீட்டுக்காரர் யாரிடமும் ஒன்றும் பேசவில்லை. இரவு சாப்பிடும்போது மட்டும், "ஏம்மா, அது எதுக்கு?" என்று கேட்டார்.

பெண் ஆயாவைப் பார்த்துத்தான் பதில் சொன்னாள். "ஆயா, நீ பாலாத்து மணல்லே ஊத்துத் தோண்டித் தண்ணி மொண்டேன்னு சொல்லுவே இல்லே? அம்மா வந்தப்போ கிணத்துல இறைச்சாங்க. நான் கேன் தண்ணி குடிக்கிறேன். எனக்குப் பொறக்கிற பொண்ணு எதைக் குடிப்பா?"

ஆயா விட்டுக் கொடுக்கவில்லை. "மொதல்ல உனக்குக் கல்யாணம் ஆவட்டும்" என்றார். ஆனால் அன்றைக்குச் சோறு சரியாக இறங்கவில்லை அவருக்கு.

விஷயம் இதுதான், சகோதரிகளே. பச்சைத் தோல் கெட்டுப் போகாமலிருக்க உப்புப் போட்டு வைக்கிறார்கள். அந்த உப்பைக் கழுவ வேண்டும், பிறகு சுண்ணாம்பு, பிறகு பதனிடும் ரசாயனம். ஒரு கிலோ பச்சைத் தோலைப் பதனிட்டு முடிக்கச் சுமார் 30 முதல் 40 லிட்டர் தண்ணீர் ஆகும். அதெல்லாம் எங்கே போகும்? எங்கள் நிலத்தடி நீர் உப்புக் கரித்த கதை அதுதான். வேலூர் மக்கள் நலச் சங்கம் சுப்ரீம் கோர்ட்டு வரை போய், 1996-ல் தீர்ப்பு வந்தது. கெடுத்தவனே செலவு செய்து சரி பண்ண வேண்டும் என்ற நியாயம் இந்த நாட்டுச் சட்டத்தில் உறுதிப்பட்டது அந்த வழக்கில்தான். இன்றைக்கும் சட்டக் கல்லூரிகளில் அதைப் பாடமாகப் படிக்கிறார்கள். மற்ற ஊர்களுக்குக் கோயிலாலும் கோட்டையாலும் பெயர். எங்களுக்குக் கழிவு நீராலும் ஒரு பெயர்!

"தோல் வேண்டாம்னு சொல்றது சுலபம்மா. அப்பா வேலை, உன் வேலை எல்லாம் என்ன ஆகும்? தண்ணியும் கெடாமே, தொழிலும் போகாமே பண்ண வழி இருக்கு. தண்ணியே இல்லாமே குரோம் பதனிடற முறையை அடையாறு தோல் ஆராய்ச்சி நிலையத்திலே கண்டுபிடிச்சிருக்காங்க. அதைத்தான் படிக்கணும்" என்றாள்.

மறுநாள் எதிர்க்கட்சியை மடக்க ஓர் ஆயுதமும் கொண்டுவந்தாள். 1948-ல் ஏற்பட்ட அந்த நிலையத்தைப் பல வருஷங்கள் நடத்தி, தோல் விஞ்ஞானத்தில் உலகப் பெயர் வாங்கியவர் டாக்டர் நாயுடம்மா. அவர் பிறந்தது ஆந்திராவில் ஒரு விவசாயக் குடும்பத்தில். "வயக்காட்டுப் பிள்ளை அவர். வாடைன்னு மூக்கைப் பொத்திக்கலையே ஆயா?" என்றாள். ஆயா யோசித்துவிட்டு, "அவரு ஆம்பளை" என்று வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டார்.

இந்தப் பாடத்தைத்தான் படிக்க வேண்டும் என்று விதி எப்படி அமைகிறது பாருங்கள். ஊரிஸ் கல்லூரியில் படித்துவிட்டுச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்குப் போனவர் டாக்டர் ராதாகிருஷ்ணன். புத்தகம் வாங்கக் கையில் பணமில்லை. உறவுக்காரப் பையன் ஒருவன் தன் தத்துவப் புத்தகங்களைக் கொடுத்தான். ஆகவே தத்துவம் படித்தார். பிறகு ராஷ்டிரபதியாகவே ஆனார். ஓசிப் புத்தகம் அவருக்கு வழி காட்டியது. எங்கள் பெண்ணுக்கு வழி காட்டியது கேன் தண்ணீர்.

அடுத்தது கவுன்சலிங். முன்னெல்லாம் பெற்றோர் பிள்ளையோடு மெட்ராஸுக்கே போய், பெரிய திரையில் இடங்கள் குறைவதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்களாம். 2018 முதல் எல்லாம் ஆன்லைன். பெருமூச்சை வீட்டிலிருந்தபடியே விடலாம்! விரும்பிய இடங்களை வரிசையாகப் போட வேண்டும். அவள் முதல் இடத்தில் தோலைப் போட்டாள். நான் பின்னால் நின்று சாமியை வேண்டிக்கொண்டேன். கிடைக்க வேண்டும் என்றா, கிடைக்கக் கூடாது என்றா? அது எனக்கும் சாமிக்கும் உள்ள விஷயம். கிடைத்துவிட்டது.

இதற்கு முன்னாலேயே ஒரு வேடிக்கை நடந்தது. நம் தமிழ்நாட்டில் 2010-11 முதல் ‘முதல் பட்டதாரி’ சலுகை என்று ஒன்று இருக்கிறது. குடும்பத்தில் ஒருவருமே பட்டம் வாங்கவில்லை என்றால், முதலில் தொழிற்படிப்புக்குப் போகிற பிள்ளைக்குக் கல்விக் கட்டணச் சலுகை. அதற்குச் சான்றிதழ் வாங்க வேண்டும். யோசித்துப் பாருங்கள். படித்ததற்குச் சர்டிபிகேட் கேட்பதுதானே உலக வழக்கம்? நாங்கள் படிக்காததற்குச் சர்டிபிகேட் வாங்கப் போனோம்!

இ-சேவை மையத்தில் ஒரு சின்னப் பையன் உட்கார்ந்திருந்தான். தாத்தா என்ன படித்தார், பாட்டி என்ன படித்தார் என்று ஒவ்வொருவராகக் கேட்டுத் தட்டிக்கொண்டு வந்தான். "தாத்தா, படிக்கவில்லை. அப்பா, எட்டாவது. அம்மா, பத்தாவது." வாழ்நாளெல்லாம் நாலு பேருக்குத் தெரியக் கூடாது என்று மறைத்த சங்கதிகளை எங்கள் வீட்டுக்காரர் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொண்டு வந்தார். கூட வந்த அத்தைக்குத்தான் பொறுக்கவில்லை. "பாட்டி, படிக்கவில்லை" என்று பையன் போட்டதும் குறுக்கே பாய்ந்தார்.

"யாருப்பா படிக்கலே? நான் மூணாங் கிளாஸ் பாஸு! அதை எழுது."

"பாட்டி, அதெல்லாம் தேவையில்லை. நீங்க பட்டம் வாங்கினீங்களா?"

"பட்டமா? என் தம்பிதாம்பா வாங்கி விடுவான். எனக்கு மாஞ்சாக் கயிறு பிடிக்கத்தான் குடுப்பான்."

மையத்தில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தார். எனக்கு மட்டும் கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது.

பிறகு ஷூ படலம். சோதனைச் சாலைக்குள் செருப்புப் போட்டுக்கொண்டு நுழையக் கூடாதாம். மூடிய ஷூ வேண்டுமாம். எத்தனை வருஷமாக எத்தனை ஆயிரம் ஜோடி என் கை வழியாகப் போயிருக்கும்! ஜெர்மனிக்காரியும் இங்கிலாந்துக்காரியும் போட்டுக்கொண்டு நடக்கிறாள். என் காலில் ரப்பர் செருப்பு. என் மகளுக்கு ஒரு ஜோடி ஷூ வாங்க மெயின் ரோடில் கடை கடையாக ஏறினோம். நான் சும்மா இருப்பேனா? ஒவ்வொரு ஷூவையும் உள்ளே திருப்பித் தையலை எண்ணினேன். ஓரம் சரியாக மெலிதாக்கியிருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்தேன். கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அம்மா, நீங்க ஷூ வாங்க வந்தீங்களா, செக்கிங் பண்ண வந்தீங்களா?" என்று கேட்டார். பெண் வெட்கத்தால் தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் நான் தேர்ந்தெடுத்த ஜோடி இன்றைக்கும் பிரியவில்லை!

பெட்டி கட்டும் வைபவத்தை விவரிக்கத் தேவையில்லை, உங்களுக்கே தெரியும். பருப்புப் பொடி, ஊறுகாய், நல்லெண்ணெய், முறுக்கு என்று ஒரு சீர்வரிசையே தயாராயிற்று. பெண் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைப்பாள்; ஆயா ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே வைப்பார். கடைசியில் பெட்டிதான் தோற்றது. அதன் பூட்டு மூடவில்லை.

விடியற்காலை ரயிலில் கிளம்பினோம். ஆம்பூருக்கும் மெட்ராஸுக்கும் சுமார் 180 கிலோமீட்டர். வீட்டுக்காரர் வழிநெடுக ஒரு வார்த்தை பேசவில்லை. டிக்கெட்டை மட்டும் ஏழு தரம் எடுத்துப் பார்த்தார். அழகப்பச் செட்டியாரின் நன்கொடையால் 1944-ல் ஏற்பட்ட அந்தத் தொழில்நுட்பக் கல்லூரியின் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார். "எங்கப்பா நின்ன குழி இத்தனை ஆழம் இருக்கும்" என்று கையை உயர்த்திக் காட்டினார். அவ்வளவுதான் அவர் பேசியது. திரும்பும் ரயிலில் டிக்கெட்டைப் பார்க்கவேயில்லை. டிக்கெட் பரிசோதகர் கேட்ட பிறகுதான் தேடினார்.

பெண் போன பிறகு வீட்டில் நேரம் நிறைய மிச்சமாகிறது. அந்த மிச்ச நேரம் போனில் செலவாகிறது. அப்பா தினமும் கேட்பது ஒரே கேள்வி: "சாப்பிட்டியா?" காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, இரவில் ஒன்று.

ஆயாவின் முறை ஞாயிற்றுக்கிழமை. வீடியோவில் பேத்தியின் முகம் தெரிந்ததும் ஆயா சொல்வது, "மூஞ்சியை அப்புறம் பாக்கறேன். காலைக் காட்டு" என்பதுதான். முதல் தடவை பெண்ணுக்குப் புரியவில்லை. ஷூ போட்ட காலைக் காட்டினாள். "அது எதுக்கு? கழட்டிட்டுக் காட்டு."

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. சுண்ணாம்புக் குழியில் நின்று நின்று மாமனாரின் பாதங்கள் வெடித்துப் போயிருந்தன. இரவில் அத்தைதான் தேங்காயெண்ணெய் தடவி விடுவார். பேத்தி தோல் படிப்பு என்றதும் அவர் கண்ணில் பட்டது பட்டமுமில்லை, உத்தியோகமுமில்லை, அந்தப் பாதங்கள்தான். பெண் ஷூவையும் சாக்ஸையும் கழற்றி, வெள்ளை வெளேரென்று உள்ளங்காலைப் போன் முன்னால் நீட்டினாள். ஆயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நன்றாகப் பார்த்தார். "சரி, படி" என்றார்.

அன்றைக்குத்தான் ஆயாவின் அனுமதி கிடைத்தது. ஆனாலும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பரிசோதனை மட்டும் தவறுவதில்லை!

லீவுக்கு வருகிறபோது பெண் பேசுவதில் பாதி எனக்குப் புரிவதில்லை. தோலில் இருக்கும் நார்ச்சத்துக்குக் கொலாஜன் என்று பெயராம். தாத்தா ஊற வைத்த ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் இருக்கிற துவர்ப்புப் பொருள் போய் அந்த நாரைப் பிடித்துக்கொள்வதால்தான் தோல் அழுகாமல் பதமாகிறதாம். "எங்க வீட்டுக்காரருக்கு இது தெரிஞ்சுதான் செஞ்சாரு, பேருதான் தெரியாது" என்றார் ஆயா.

இரண்டாம் வருஷத்தில் ஒரு நாள் போனில் குதித்தாள். வகுப்பில் ஒரு தோல் துண்டைக் கொடுத்து, மிருகத்தின் எந்தப் பகுதி என்று கேட்டார்களாம். இவள் கண்ணை மூடி இழுத்துப் பார்த்துவிட்டு, "வயிற்றுப் பக்கம்" என்றாளாம். சரியான விடை. "எப்படிக் கண்டுபிடித்தாய்?" என்று கேட்டதற்கு, "வயித்துத் தோல் இழுத்தா தளர்ந்து கொடுக்கும், முதுகுத் தோல் கொடுக்காது, ஷூ முன்பக்கத்துக்கு வயித்துத் தோல் வந்தா எங்கம்மா திருப்பி அனுப்பிடுவாங்க" என்றாளாம்.

சகோதரிகளே, கம்பெனியில் அந்த மாதிரி துண்டுகளைத் திருப்பி அனுப்பினதற்காக நான் பேச்சு வாங்கியிருக்கிறேன். பாராட்டு வாங்கியது இதுதான் முதல் தடவை. அதுவும் ஒரு யுனிவர்சிட்டியில்!

இன்னும் பட்டம் கைக்கு வரவில்லை. பட்டம் வந்து, உத்தியோகம் வந்து, பாலாற்றுத் தண்ணீர் தித்திக்கப் போகிறதா என்பதெல்லாம் ஒரு பெண்ணால் ஆகிற காரியமல்ல என்று எனக்குத் தெரியும். இப்போதைக்கு என் கவலை அடுத்தவனைப் பற்றி. பையன் பத்தாம் வகுப்பு. "அம்மா, எனக்கும் அந்த முதல் பட்டதாரி சலுகை உண்டுதானே?" என்று போன வாரம் கேட்டான்.

"கிடையாதுடா. அதை உங்கக்கா வாங்கிட்டா. இனிமேல் நம்ம குடும்பத்துல யாருக்குமே அது கிடையாது" என்றேன்.

காசு கணக்குப் பார்த்தால் பெரிய நஷ்டம்தான். ஆனால் அதைச் சொல்லும்போது என் குரலில் இருந்த கர்வத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்! மூலையில் உட்கார்ந்திருந்த அத்தை மட்டும் பேரனைச் சமாதானப்படுத்தினார்.

"வுடுடா. இத்தினி நாளா இந்த வூட்டுல எல்லாரும் மாஞ்சாக் கயிறுதான் பிடிச்சோம். இனிமே நீயும் பட்டம் வுடு."